தகர ஷெட்டில் ஸ்விட்ச் பாக்ஸ்: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

கோயம்புத்தூர் பக்கம் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டோம். கார் நிற்கும், மூலையில் கொஞ்சம் பட்டறை வேலையும் நடக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்கொயர் டியூப் சட்டம், சுற்றிலும் கலர் ஷீட். செங்கல் சுவர் இருந்தால் காடி (பள்ளம்) எடுத்துப் பெட்டியைப் புதைத்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை.

எலக்ட்ரீஷியன் விளக்குப் பெட்டியை நேராக ஷீட்டிலேயே திருகினார். 16 ஆம்பியர் பிளக் உள்ள பெட்டிகளைச் சட்டத்தோடு சேர்க்கச் சொன்னேன். அதனால் ஒரே ஷெட்டில் இரண்டு முறையையும் பார்க்க முடிந்தது.

ஷீட்டில் மாட்டியது இப்போது ஆடுகிறது. அரை மில்லிமீட்டர் தகட்டில் திருகுக்கு என்ன பிடி இருக்கும்? போதாததற்கு வெயில். 3 மீட்டர் ஷீட்டில் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், ராத்திரி மறுபடி சுருங்கும். ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிவிட்டது. வெறும் விளக்கு ஸ்விட்ச் என்பதால் இதுவரை தாங்கியது. தினமும் கிரைண்டர் பிளக்கைச் செருகி இழுக்கும் இடமாக இருந்தால் எப்போதோ கையோடு வந்திருக்கும்.

சட்டத்தில் மாட்டியவை அசையவே இல்லை. 2 அங்குல டியூபைவிடப் பெட்டி அகலம் என்பதால், இரண்டு டியூபுக்கு நடுவே இரும்புப் பட்டை இரண்டு வைத்து, அதன்மேல் பெட்டியை செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் இறுக்கினோம். கூரைக்கு அடிக்கும் அறுகோணத் தலை ஸ்க்ரூ வேண்டாம். பெட்டிக்குள் துருத்திக்கொண்டு ஒயரை உரசும். தட்டைத் தலைதான் சரி. டியூபுக்குள் ஒயர் ஓடினால் அந்தப் பக்கம் துளையே போடக்கூடாது.

பெட்டி எது என்றால், பட்டறைப் பக்கம் ஜி.ஐ. தான். மேற்கு வெயில் படும் பிளாஸ்டிக் பெட்டி மஞ்சளாகி, திருகு மூலையில் கீறல் விட்டது. ஜி.ஐ. பெட்டியில் ஒயர் நுழையும் ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், விளிம்பை மூடும் ரப்பர் வளையம் (கிராமெட்) கட்டாயம். திறந்து கிடக்கும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். எங்கள் பெட்டி ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பல்லி புகுந்திருந்தால் கதை வேறு.

மார்கழியில் ஷீட்டின் உள்பக்கம் பனி வியர்த்து வழியும். மேலிருந்து பைப் இறங்கினால் அந்தத் தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் போகும். பைப்பைக் கீழே இறக்கி வளைத்து, பெட்டியின் அடிப்பக்கமாக நுழைப்பது நல்லது.

எர்த் விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்காதீர்கள். கரன்ட் வரும் பேஸ் ஒயர் ஒன்று உரசித் தோல் உரிந்தால் போதும், மொத்த ஷெட்டும் ஷாக் அடிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் எர்த் தனி, சட்டத்துக்கும் தனியாக ஒரு ஒயர். எர்த் ஒயர் நுனியின் உலோக வளையம் (லக்) உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும், பெயின்ட் மேல் இறுக்கினால் கரன்ட் சரியாகக் கடக்காது. கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோம், மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். மழை நாளில் ஒரு பழைய டிரில்லிங் மெஷினைச் செருகியதும் அது டிரிப் ஆனது. எல்லோரும் ஆர்.சி.சி.பி.யைத்தான் திட்டினார்கள், பார்த்தால் மெஷினில்தான் கசிவு.

ஆடும் விளக்குப் பெட்டியை இந்த மழைக்கு முன்னால் டியூபுக்கு மாற்றப் போகிறோம். ஷீட்டில் மிச்சமாகும் ஓட்டைகளுக்கு சிலிக்கான் போதும்.