ஆவணப்படமா, கதைப்படமா: எதில் தொடங்குவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் சினிமா எடுக்க ஆசைப்படும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் நேராகக் கதைப்படத்துக்கே போகிறார்கள். நான் ஆவணப்படத்தில் தொடங்கச் சொல்வேன்.

கதைப்படத்துக்கு நடிகர்களின் தேதி வேண்டும், பெரிய குழு வேண்டும், தயாரிப்பாளர் வேண்டும். ஒன்று தவறினாலும் படப்பிடிப்பு நின்றுவிடும். ஆவணப்படத்தை ஒரு கேமரா, ஒரு நல்ல மைக், இரண்டு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் பொறுமை வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயி முதல் நாளே மனம் திறந்து பேசிவிட மாட்டார். அவர் வயலில் பருவம் முழுக்கக் கிடக்க வேண்டும். திரைக்கதை பெரும்பாலும் எடிட்டிங் மேசையில்தான் உருவாகும். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் கேமராவை நிறுத்தாமல் காத்திருக்கும் அந்தப் பழக்கம், பின்னால் நடிகர்களிடம் வேலை வாங்கும்போது பெரிதும் உதவும்.

இயக்குநர் பாயல் கபாடியாவைப் பாருங்கள். 2021-இல் அவருடைய ஆவணப்படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், சிறந்த ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' விருது வாங்கியது. 2024-இல், பெரும்பகுதி மலையாளம் பேசும் அவரது கதைப்படம் அங்கேயே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ வென்றது. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் இரண்டையும் கைவிடாதவர்.

வருமானம், திரையரங்கு, பெயர் என்று பார்த்தால் கதைப்படம்தான் முன்னே நிற்கிறது, சரி. ஆவணப்படத்துக்கு விழாக்களே வாசல். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்திர அகாடமி ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனி விழா நடத்துகிறது; பாலக்காட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் அங்கே இருக்கலாம்.