மீன் ஏலக் கணக்குக்கு எந்த கிளவுட்? விடிகாலைக் கோளாறை வைத்து ஓர் அலசல்

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டும் கணவாயும் எடுக்கும் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதைப் பராமரிப்பது என் வேலை. எடை போட்டதும் படகுக்காரருக்கு ரசீது, வாங்கிய முன்பணத்தில் கழிவு, கம்பெனிக்கு ஏற்றிவிட்ட சரக்கின் கணக்கு, அவ்வளவுதான் அது செய்யும். இதை எந்த கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் எந்த சர்வரில், ஓட்டுவது என்று முடிவு செய்ய மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, அமேசானின் மும்பை மண்டலத்தில் ஓர் இசி2 சர்வர். அடுத்தது, டிஜிட்டல் ஓஷனின் பெங்களூரு மையத்தில் மாத வாடகை நிலையாக உள்ள ஒரு சர்வர். அவர்கள் அதை டிராப்லெட் என்பார்கள். மூன்றாவது, கூகுளின் கிளவுட் ரன். செயலியையும் அதற்குத் தேவையானதையும் ஒரே பொதியாக்கிய கன்டெய்னரைக் கட்டிக் கொடுத்தால் போதும், ஓட்டுவது அவர்கள் பாடு. தரவுத்தளம் தனியாக, கூகுளே நடத்தும் கிளவுட் எஸ்க்யூஎல் சேவையில் இருக்கும். நான் எடுத்தது டிராப்லெட்டை.

கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உப்புக்காற்றில் மதர்போர்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். மின்வெட்டு வேறு. அதோடு பல இணைப்புகளில் தனி ஐபி (இணைய முகவரி) கிடைக்காது, வெளியிலிருந்து உள்ளே வரவே வழியிருக்காது. அதை விட்டுவிடலாம்.

விலையையும் வேகத்தையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 2 ஜிபி நினைவகமுள்ள சாதாரண டிராப்லெட் மாதம் 12 டாலர், வரி தனி. டிஸ்க்கும் 2 டிபி தரவுப் போக்குவரத்தும் அதற்குள் அடக்கம். இசி2-வில் சர்வருக்கு ஒரு விலை, டிஸ்க்குக்கு ஒரு விலை, 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர், வெளியே போகும் தரவு இலவச அளவைத் தாண்டினால் அதற்கும் தனி. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மும்பையா பெங்களூருவா என்ற தூரம் ரசீது போடும் வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. படகுக்கு இன்ஜின் எடுப்பவர் குதிரைத்திறனை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. நம் ஜெட்டியில் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார். விடிகாலையில் படகு கரையேறும் நேரத்தில் சர்வர் நின்றால், கையில் ஒரு போனும் இரண்டு புள்ளி சிக்னலும் மட்டும் இருக்கும்போது, கோளாறு எங்கே என்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்? நான் ஊரில் இல்லையென்றால் வேறொருவர் அதைச் சரிசெய்ய முடியுமா? இதுதான் எனக்கு முக்கியம். ராமநாதபுரத்தில் லினக்ஸ் தெரிந்த ஒரு பையனைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் அனுமதி அமைப்புகளை அலசத் தெரிந்தவர் உள்ளூரில் கிடைப்பது சிரமம்.

கணக்குப்பிள்ளை போன் செய்து, “தம்பி, பில்லு போட மாட்டேங்குது, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு” என்றால் ஒரு வகைக் கோளாறு. “ஏதோ வெள்ளையா இங்கிலீஷ்ல எழுதி வருது” என்றால் வேறு வகை. சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சர்வரை எட்டவே முடியவில்லை, அல்லது எட்டியும் பதில் வரவில்லை. எழுத்து வந்தால் வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் நிரல் உயிரோடு இருக்கிறது, பின்னால் உள்ள செயலியில்தான் கோளாறு என்று பொருள். அதில் 502 என்ற எண் இருந்தால் செயலி செத்துவிட்டது. 504 என்றால் செயலி இருக்கிறது, பதில் தரத் தாமதிக்கிறது, அநேகமாகத் தரவுத்தளம் மாட்டிக்கொண்டிருக்கும். எதற்கும் முதலில் வேறொரு நிறுவனத்தின் சிம்மில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாம்பனில் ஒரு டவர் போயிருந்தாலும் போன் இதே வார்த்தைகளில்தான் வரும்.

பிறகு எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் போய்க் கட்டளையிடும் வழியில், நுழையப் பார்ப்போம். இங்கே வரும் மூன்று செய்திகளைப் பிரித்துப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்” வந்தால் சர்வரை எட்டிவிட்டோம், அந்த போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட நுழைவாயில்) எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. “பெர்மிஷன் டினைட்” வந்தால் சாவிக் கோப்போ பயனர் பெயரோ தவறு. பயனர் பெயர் டிராப்லெட்டில் தொடக்கத்தில் ரூட், இசி2-வில் இயங்குதள இமேஜைப் பொறுத்து உபுண்டு அல்லது இசி2-யூசர். “கனெக்‌ஷன் டைம்ட் அவுட்” வந்தால் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால், அதாவது தடுப்பு, இணைப்பை விழுங்குகிறது, இல்லையென்றால் ஐபியே மாறிவிட்டது.

இந்த மூன்றாவது செய்தியில்தான் இரண்டு சர்வர்களும் பிரிகின்றன. டிராப்லெட்டில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு: நிறுவனத்தின் பக்கம் உள்ள கிளவுட் ஃபயர்வால், சர்வருக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால். இசி2-வில் சர்வருக்கான ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பைப் பார்க்க வேண்டும். அது சரியென்றால் சர்வர் இருக்கும் நெட்வொர்க் பகுதிக்கான தடுப்பு, நெட்வொர்க் ஏசிஎல். உள்ளே விட்ட இணைப்பை அது நினைவில் வைத்துக்கொள்ளாது, ஆகவே நமக்குத் திரும்பி வரும் பதிலுக்கு, வெளியே போகும் பக்கத்தில் 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும். அப்புறம் தரவு போகும் வழிகளைக் குறிக்கும் ரூட் டேபிளில் இன்டர்நெட் கேட்வேக்கு, அதாவது இணைய வாசலுக்கு, வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலாஸ்டிக் ஐபி என்ற மாறாத முகவரி போடாமல் சர்வரை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டிருந்தால் முகவரியும் மாறியிருக்கும். இவ்வளவும் பெரிய நிறுவனத்துக்குத் தேவையான வசதிகள்தான், குறை சொல்லவில்லை. நண்டுக் கடையின் ஒற்றை சர்வருக்கு, போன் திரையில் இத்தனை பக்கங்களைப் புரட்டுவது பெரும் பாரம்.

பாதுகாப்புக்காக எஸ்எஸ்ஹெச்சை “என் ஐபிக்கு மட்டும்” திறந்து வைக்கச் சொல்வார்கள். அலுவலகத்தில் நிலையான இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு நல்ல யோசனை. மொபைல் நெட்வொர்க்கில் பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது. உச்சிப்புளியில் இருந்த ஐபி தங்கச்சிமடம் போவதற்குள் மாறிவிடலாம். கடவுச்சொல் நுழைவை முழுதும் அடைத்து, சாவியை மட்டும் ஏற்கச் செய்வதும், முடிந்தால் வயர்கார்டு என்ற தனிப் பாதை (விபிஎன்) போட்டு அதன் வழியாகப் போவதும் நம் நிலைமைக்கு ஏற்றது.

எஸ்எஸ்ஹெச் அடைபட்டால் உள்ளே போக இன்னொரு வழி வேண்டும். டிராப்லெட்டில் ரெக்கவரி கன்சோல் உண்டு. சர்வரின் நெட்வொர்க் அமைப்பே கெட்டிருந்தாலும் பிரவுசரிலிருந்து திரையைக் காட்டும். அதற்கு ரூட் கடவுச்சொல் தேவை, ஆகவே அதை முன்பே வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இசி2-விலும் சீரியல் கன்சோல் இருக்கிறது. ஆனால் கணக்கில் அதை முன்கூட்டி இயக்கி, சர்வரில் கடவுச்சொல் உள்ள ஒரு பயனரையும் வைத்திருக்க வேண்டும். அமேசானின் புதிய நைட்ரோ அமைப்பில் ஓடும் சர்வர் வகைகளுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும், பழைய டி2 வகைக்குக் கிடையாது. எஸ்எஸ்ஹெச் இல்லாமலே உள்ளே விடும் அமேசானின் செஷன் மேனேஜர் இன்னும் நல்ல வழி. அதற்கு சர்வருக்குள் அவர்களுடைய ஏஜென்ட் நிரல் ஓட வேண்டும், சரியான ஐஏஎம் ரோலும் (அனுமதித் தொகுப்பு) மாட்டியிருக்க வேண்டும்.

கிளவுட் ரன்னில் இந்தத் தலைவலிகள் கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. டிஸ்க் நிறைவது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது, கர்னல் (இயங்குதளத்தின் மையம்) அப்டேட் எதுவும் உங்கள் வேலையில்லை. புதிய பதிப்பு ஓடத் தொடங்கவே இல்லையென்றால் பழையதே தொடர்ந்து பதில் சொல்லும். ஓடிய பிறகு தவறாக நடந்தால், முந்தைய பதிப்புக்கு போக்குவரத்தைத் திருப்பிவிடுவது போனிலேயே முடிகிற காரியம். தொடக்கத்தில் எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்: செயலி, உள்ளிருந்து வருவதை மட்டும் ஏற்கும் 127.0.0.1-ல் கேட்டுக்கொண்டிருக்கும், கிளவுட் ரன்னோ வெளியிலிருந்து வருவதையும் ஏற்கும் 0.0.0.0-ல், தான் சொல்லும் போர்ட்டில், வழக்கமாக 8080-ல், எதிர்பார்க்கும். இரண்டாவது இடறல், கன்டெய்னருக்குள் எழுதும் கோப்புகள் நிலைக்காது என்பது. ரசீது பிடிஎஃப்களை அங்கே சேமித்தால் கன்டெய்னர் போகும்போது அவையும் போகும். இருக்கும் வரை நினைவகத்தையும் தின்னும்.

நான் அதை விட்டதற்குக் காரணம் கோளாறு அங்கே நகர்ந்து போய் உட்காரும் இடங்கள்தான். செயலி ஓரிடம், தரவுத்தளம் ஓரிடம், நேரத்துக்கு ஓடும் வேலைகள் இன்னோரிடம், நடுவில், இவை ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்டுகளின் அனுமதிகள். நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்வோம். கிளவுட் சர்வர்கள் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பிறக்கின்றன. அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30. நம் கரையில் அதற்கு முன்பே எடை போடத் தொடங்கிவிடுவார்கள். 5:10-க்குப் போட்ட ரசீதில் நேற்றைய தேதி, 5:40-க்குப் போட்டதில் இன்றைய தேதி. ஒரே படகின் சரக்கு இரண்டு நாள் கணக்கில் பிரிந்து நிற்கும். முன்பணக் கழிவில் படகுக்காரருக்கும் வியாபாரிக்கும் மனத்தாங்கல் வருவதற்கு இது போதும். சாதாரண சர்வரில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் ஆசியா/கொல்கத்தா என்று வைத்து, நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரானையும் தரவுத்தளத்தையும் செயலியையும் மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. கிளவுட் ரன்னில் கன்டெய்னருக்கு ஒரு முறை, தரவுத்தளத்தின் அமைப்பில் +05:30 என்று ஒரு முறை, நேரத்துக்கு ஓடும் வேலைகளுக்கான ஷெட்யூலரில் ஒரு முறை சொல்ல வேண்டும். ஒன்று விடுபட்டால் எது விடுபட்டது என்று தேட வேண்டும்.

டிராப்லெட்டின் குறைகளை மறைக்கப் போவதில்லை. நினைவகம் தீர்வது முதல் குறை. 1 ஜிபி சர்வரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் செயலியும் சேர்ந்தால், கூட்ட நேரத்தில் கர்னல் அதிக நினைவகம் பிடித்திருப்பதைக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்தான். நிரல்களை மேய்க்கும் சிஸ்டம்டி அதை உடனே எழுப்பிவிடுவதால் “ஒரு நிமிஷம் வரலை, இப்ப வந்துருச்சு” என்று போன் வரும். கர்னலின் ‘டிமெசேஜ்’ பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ஓடினால் 137 என்ற வெளியேறும் எண் இதற்கான வலுவான துப்பு. 2 ஜிபி ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) போட்டு, மைஎஸ்க்யூஎல் தனக்குப் பிடித்துவைக்கும் பஃபர் நினைவகத்தின் அளவைக் குறைத்தால் அடங்கும்.

டிஸ்க் நிறைவது இரண்டாவது. மைஎஸ்க்யூஎல் 8-ல் தரவு மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் தானாகவே இயங்கும், 30 நாள் வரை வைத்திருக்கும். சிறிய டிஸ்க்கில் அதுவே கணிசமான இடத்தைப் பிடிக்கும். பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லையென்றால், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து பிடித்திருக்கிறது. அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் வந்துவிடும். மூன்றாவது சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான். காலாவதி நெருங்குகிறது என்று அனுப்பிவந்த மின்னஞ்சலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். யாராவது 80-ஆம் போர்ட்டை அடைத்திருந்தால் வழக்கமான முறையில் புதுப்பிப்பு நடக்காது. புதுப்பித்தும் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாமே இணையத்தில் தேடினால் கிடைக்கும் கோளாறுகள். எந்த நிறுவனத்தின் சர்வரானாலும் ஒரே அறிகுறி, ஒரே மருந்து. ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தால் பாலிடெக்னிக் முடித்த பையன் பார்த்துவிடுவான்.

பணம் கட்டுவதும் நிர்வாகத்தில் சேர்த்தி. தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் அங்கீகார விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஏற்பாடு சரியாக இல்லாத கார்டில் கட்டணம் கழியாது, பாக்கி நீண்டால் சர்வரை நிறுத்திவிடுவார்கள். அமேசான் இந்தியக் கணக்குகளுக்கு ரூபாயில் பில் தருவது இங்கே ஒரு வசதி. டாலர் பில் வாங்குபவர்கள் மாதம் ஒரு நாள் பில்லைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஓடாத நேரத்துக்குக் காசு கேட்காத கிளவுட் ரன் அப்போது லாபமாகத் தோன்றும். ஆனால் கிளவுட் எஸ்க்யூஎல் சும்மா இருந்தாலும் வாடகை ஓடும். நாட்டுப்படகுச் சரக்கு வந்துகொண்டிருப்பதால் அதை நிறுத்தி வைக்கவும் முடியாது. ஆகவே எனக்கு மிச்சம் ஒன்றும் பெரிதாக நிற்கவில்லை.

பேக்கப்பில் மட்டும் எந்த வழியானாலும் நிறுவனத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள். டிராப்லெட்டின் வாராந்தரப் பேக்கப்புக்கு வாடகையில் 20 சதவீதம் கூடுதல். வாங்கலாம். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேல் எடுத்த படம், பாதி எழுதிய நிலையும் அதில் சிக்கலாம். தினமும் தரவு முழுவதையும் கோப்பாக்கும் ஒரு டம்ப் எடுத்து வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில் போட்டு, அவ்வப்போது அதை ஒரு புதிய சர்வரில் ஏற்றிக் கணக்குக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் விடுதி முன்பதிவுத் தளம் வைத்திருப்பவர்கள் என் வழியில் வர வேண்டியதில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ஏறும் கூட்டம் வேறு வகை. நான் அந்த அளவு சுமையை ஓட்டியதில்லை, சோதனையாக ஏற்றிப் பார்த்ததோடு சரி. அந்த வேலை வந்தால் கிளவுட் ரன்னைத்தான் எடுப்பேன். ஆனால் கன்டெய்னர்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் தரவுத்தளத்துக்குத் தனித்தனி இணைப்புகளைத் திறந்து, கடைசியில் “டூ மெனி கனெக்‌ஷன்ஸ்” என்று நிற்கும். அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் கன்டெய்னர்) எண்ணிக்கையையும் ஒவ்வொன்றும் திறக்கும் இணைப்புகளையும் பெருக்கி, தரவுத்தளத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தளத்தைத் திறந்துவிடுவேன்.