குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் கடை: தராசு நம் கண் முன்னே

எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே ரப்பர், 220 மரம். பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க ஆள் கிடைக்காமல் போனதிலிருந்து பாலாகவே விற்கிறோம். பால் என்று சொன்னாலும் காசு பாலுக்கு இல்லை, அதற்குள் இருக்கிற காய்ந்த ரப்பருக்குத்தான். மரத்திலிருந்து வருகிற பாலில் அது சாதாரணமாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த நூற்றுக்கு எத்தனை என்பதைத்தான் டி.ஆர்.சி. என்கிறோம்.

முன்பு பால் எடுத்த வியாபாரி முற்றத்தில் வண்டியை நிறுத்துவார், டி.ஆர்.சி. பார்க்கிற மிதவைக் கருவியான மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிடுவார், "31" என்பார். வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் 31தான். மெட்ரோலாக்கின் மேல் குற்றமில்லை. ரப்பர் தண்ணீரை விட லேசு. அதனால் ரப்பர் கூடுதலாக இருந்தால் பாலும் லேசாகும், கருவி இன்னும் ஆழமாக அமிழும். ஆனால் நுரை, பாலின் சூடு, சேர்த்த தண்ணீர் எல்லாமே கருவி காட்டும் எண்ணை மேலும் கீழும் தள்ளும். நுரைக்கு நடுவில் எந்தக் கோட்டைப் பார்த்தார் என்று எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை.

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகிற வழியில் இருக்கிற இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பால் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். எட்டு மாதமாக இங்கேதான் கொடுக்கிறேன்.

முதல் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். இரண்டு முறை மரம் வெட்டி எடுத்த பாலை, உறையாமல் இருக்க அமோனியா விட்டு வைத்திருந்து கொண்டு போனேன், 40 கிலோ. கேனைத் திறந்ததும் அங்கே வேலை செய்கிற பிள்ளை நீளக் கம்பால் அடியிலிருந்து மேலே நன்றாகக் கலக்கினார். அப்புறம் கண்ணாடிக் கதவு போட்ட சின்னத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, சரியாக 10 கிராம் பால். பக்கத்தில் இன்னொரு கிண்ணம், அதிலும் 10 கிராம். இரண்டிலும் தண்ணீர் கலந்த அசெட்டிக் ஆசிட் சில சொட்டு. வெந்நீர்த் தொட்டியில் வைத்ததும் பால் தயிர் போலத் திரண்டு, அடியில் நீர் தெளிந்து நின்றது. திரண்டதைக் கழுவி, சின்ன உருளையில் கொடுத்து அப்பளம் போல மெல்லிசாக்கி, 70 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்கக் காயவிட்டார்கள்.

மறுநாள் போனபோது ஒன்று 3.41 கிராம், மற்றது 3.43. ஆக டி.ஆர்.சி. 34.2. எதற்கு இரண்டு கிண்ணம் என்று கேட்டேன். "ஒண்ணு மட்டும் வச்சா தப்பு வந்தாலும் தெரியாதுக்கா. ரெண்டுக்கும் அரைப் பாயிண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடியும் செய்வோம்" என்றார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த பிள்ளையாம். காலேஜ் லேபில் செய்ததைத்தான் இங்கேயும் செய்கிறேன் என்றார்.

40 கிலோவில் 34.2 என்றால் 13.68 கிலோ ரப்பர். பழைய 31 என்றால் 12.4 கிலோதான். 1.28 கிலோ வித்தியாசம். கிலோ 180 ரூபாய் என்று வைத்தாலும் ஒரே நடையில் 230 ரூபாய். இத்தனை வருஷம் எத்தனை நடை போயிருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். மனது கேட்கவில்லை, எழுந்துவிட்டேன்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நோட்டு. ஒவ்வொருவர் பாலுக்கும் தேதி போட்டு எழுதி, கட்டம் போட்ட தாளில் கோடும் இழுத்து வைக்கிறார்கள். இடையில் விலை ஏறினபோது எங்கள் வெட்டுக்காரர் ஒன்றுவிட்ட நாள் வெட்டை விட்டுத் தினமும் வெட்ட ஆரம்பித்தார். 35ல் நின்ற கோடு மூன்று வாரத்தில் 31.5க்கு இறங்கியது. "மரத்துக்கு ரப்பர் ஊற நேரம் கொடுக்கணும்க்கா. இல்லாட்டி தண்ணிப் பால்தான் வரும்" என்று அந்தப் பிள்ளை கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். வெட்டுக்காரரையும் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தேன். மறுவாரமே பழைய முறைக்கு வந்துவிட்டார். நான் வாயால் சொன்னபோதெல்லாம் கேட்காத மனுஷர்.

குறையும் உண்டு. ஓவன் ராத்திரி ஓடுவதால் கணக்கு மறுநாள்தான், காசும் அப்போதுதான். அன்றன்றைக்குக் கையில் காசு வேண்டியவர்களுக்கு இது கஷ்டம். காலை பத்தரைக்குப் பிறகு போனால் வரிசையில் நிற்க வேண்டும், அமோனியா நெடியில் கண் எரியும். சீட்டில் முதலில் டி.ஆர்.சி. எண்ணை மட்டும்தான் எழுதினார்கள். ஈர எடை, காய்ந்த எடை இரண்டும் வேண்டும் என்று கேட்டேன், இப்போது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்டால் முகம் சுளிப்பதில்லை. பெரிய தராசில் அரசு முத்திரை இருக்கிறது, நானே குனிந்து பார்த்தேன்.

பட்டையிலும் சிரட்டையிலும் தானாக உறைந்து ஒட்டிக்கொள்கிற ஒட்டுபாலை மட்டும் இங்கே கொடுக்கவில்லை. அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பட்டை என்பதை இவர்களும் கையால் அமுக்கிப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அதிலும் ஒரு துண்டு வெட்டி ஓவனில் வைத்துப் பார்க்கலாமே என்று போன வாரம் கேட்டிருக்கிறேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.