அரசு இலவசத் தடுப்பூசிச் சேவை: 5க்கு 4, மீதி 1 பட்ஜெட்டில் சிக்கியிருக்கிறது

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து எல்லா ஊசியும் அரசு சுகாதார நிலையத்தில்தான். "தனியாரில் போடலாமே, அங்கே நல்லா கவனிப்பாங்களே" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கவனிப்பைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மருந்து. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று அர்த்தம். வெப்பம் படப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. நான் ஒவ்வொரு தடவையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். எங்கள் நர்ஸ் அக்கா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "பாருங்க, பாருங்க, கேக்கிறவங்கதான் எங்களுக்கு வேணும்" என்பார்.

குளிர் அதிகமானாலும் ஆபத்துதான் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கல்லீரல் அழற்சி பி, தொண்டை அடைப்பான் மாதிரியான ஊசிகள் உறைந்தால் பயனற்றுப் போகும். அதைச் சதுரம் காட்டிக்கொடுக்காது. அதனால் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மருந்துப் பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து பிறகுதான் அடுக்குகிறார்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரவைத்து, ஒவ்வாமை எதுவும் வருகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். அட்டையில் அடுத்த தேதியைக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். வேலைக்கு முழு மதிப்பெண். நாற்காலி, மின்விசிறி பற்றி எழுத விருப்பமில்லை, இருக்கின்றன.

அப்புறம் ஏன் ஒரு மதிப்பெண் குறைத்தேன்? தட்டம்மை ஊசிக்குப் போன அன்று "இன்னிக்கு ரெண்டு குழந்தைதான் வந்திருக்கு, அடுத்த தடவை ஊசி போடுற அன்னிக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தேன். காரணம் கேட்டதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

இந்த மருந்து தூளாக வருகிறது, கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்தால் 6 மணி நேரம்தான் வைக்கலாம். அதற்குள் முகாம் முடிந்துவிட்டால் அப்போதே கொட்டிவிட வேண்டும். பல இடங்களில் ஒரு குப்பியில் 10 குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். இரண்டு குழந்தைகளுக்காகத் திறந்தால் எட்டு டோஸ் வீண். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் வீணான கணக்கை மேலே எழுதி அனுப்ப வேண்டியவர் அந்த நர்ஸ். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாதவரும் அவர்தான். கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொன்னால் யார்தான் நீந்துவார்கள்?

இதில் தாமதம் சாதாரண விஷயமும் இல்லை. தடுப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிட முடியும். 95 சதவீதக் குழந்தைகள் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் பரவல் நிற்கும். "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிய அம்மாக்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் சாபமே அது ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது என்பதுதான். பெரியம்மையை ஒழித்துவிட்டோம் என்று உலகம் அறிவித்தது 1980இல். இன்று யாருக்கும் அந்த நோயின் முகம்கூடத் தெரியாது. 1974இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தின் 50ஆம் ஆண்டில், அந்த அரை நூற்றாண்டில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்திருக்கின்றன என்று ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு தட்டம்மை ஊசிக்கு. ஆனால் பிழைத்த குழந்தை சட்டமன்ற வாசலில் நின்று நன்றி சொல்லாது. மருத்துவமனைக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், ஐஸ் பேக்குக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? பணம் பற்றாத வருஷம் முதலில் கை வைப்பது இதில்தான்.

ஆகவே இதைப் படிப்பவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். "சுகாதாரத்துக்கு அதிக நிதி ஒதுக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும், அதோடு சரி. எது எதற்குப் பணம் வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். 5 டோஸ் குப்பி வாங்கப் பணம். டோஸ் கணக்கில் விலை கூடுதல்தான், வீணாவது குறையும். வீணாகும் மருந்தையும் சேர்த்தே கொள்முதல் கணக்கு. காலியாகக் கிடக்கும் நர்ஸ் பணியிடங்களுக்குச் சம்பளம். வராத குழந்தைகளின் வீட்டுக்குப் போய்வர வண்டிச் செலவு. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பட்ஜெட் வாசித்த பிறகு எழுதிப் பெரிய பலன் இல்லை. அந்தந்தத் துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் மாதங்களிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் போதும். உங்களைத் திருப்பி அனுப்பிய கதை இருந்தால் தேதியோடு எழுதுங்கள். நர்ஸின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், விளக்கம் கேட்டு அவருக்குத்தான் ஓலை வரும்.