படுவான்கரையில் ஓர் இலவச யோகா வகுப்பு: உடற்பயிற்சி நன்று, தியானம் திருத்தப்பட வேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் பல்தேவைக் கட்டடத்தில் வாரந்தோறும் நடைபெறும் இலவச யோகா, தியான வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. நகரைச் சேர்ந்த தொண்டர்கள் சிலர் இதை நடத்துகிறார்கள். விளம்பரம் வேண்டாமென்று அவர்களே கேட்டுக்கொண்டதால் அமைப்பின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் வயல்வேலைக்குப் போகும் பெண்கள். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு படகுப் பாதைக்காகத் துறையில் காத்துக்கிடக்கும் நிலை நீங்கிவிட்டது என்றாலும், பஸ்ஸுக்குச் செலவழித்து, பாதிநாட் கூலியையும் இழந்து நகரத்து யோகா நிலையமொன்றுக்குப் போய்க் கட்டணம் செலுத்த இவர்களால் முடியாது. வகுப்பு ஊருக்கு வந்திருப்பதே இதன் முதற் சிறப்பு.

நேரத்தையும் யோசித்தே வைத்திருக்கிறார்கள். வயலிலிருந்து திரும்பிக் குளித்த பிறகு, இராச் சமையலுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன் கிடைக்கும் அந்தப் பின்னேர இடைவெளியில் வகுப்பு முடிந்துவிடுகிறது. நுண்கடன் தவணை அறவிட வருகிற நாளில் வகுப்பு வைப்பதில்லை என்பதும் என் கவனத்தில் பட்டது. அன்றைக்கு யாராலும் அமைதியாக மூச்சு விட முடியாது என்பதை எவரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆசனப் பயிற்சியைப் பொறுத்தவரை எனக்குக் குறை சொல்ல அதிகமில்லை. நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்கிய ஒருவரை மறுபடியும் குனிய வைத்துக் காற்பெருவிரலைத் தொடச் சொல்வதால் பயனில்லை என்பதை ஆசிரியை நன்கு உணர்ந்திருக்கிறார். ஆகவே முன்வளையும் ஆசனங்களைக் குறைத்து, நெஞ்சைச் சற்றே உயர்த்தும் புஜங்காசனம், இடுப்பை மெல்லத் தூக்கும் சேதுபந்தாசனம், சுவரில் கால்களைச் சாய்த்துப் படுத்திருத்தல் ஆகியவற்றுக்கே கூடுதல் நேரம் ஒதுக்குகிறார். முழங்கால் தேய்ந்தவர்களை, காலை மடித்துக் குதிகால்மேல் அமரும் வச்சிராசனத்தில் இருக்கச் சொல்லி வதைப்பதில்லை. மரண உதவிச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, அமர்ந்தபடியே தொடையையும் தோளையும் வலுப்படுத்தும் அசைவுகளைச் செய்விக்கிறார். இறக்குமதி செய்த யோகா விரிப்பு எதுவும் இங்கே கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பன்பாய் போதுமானது. நின்று செய்யும் ஆசனங்களின்போது மட்டும் அது சீமெந்துத் தரையில் வழுக்கும் என்பதால் பாயை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் நிற்கச் சொல்கிறார்கள்.

மூச்சுப் பயிற்சியிலும் இதே நிதானம் தெரிகிறது. மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் இரேசகத்துக்கு 32 மாத்திரை நேரம் என்ற திருமூலரின் கணக்கைச் சொல்லி, வந்த முதல் நாளிலேயே மூச்சை அடக்கச் செய்யும் ஆசிரியர்களை நான் வேறிடங்களில் கண்டிருக்கிறேன். அது குருவின் அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பழகுபவர்களுக்குரிய அளவு. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்குரியதன்று. இங்கே கும்பகமே இல்லை. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மந்திரம் ஓதுவதும் கட்டாயமில்லாததால், அயலிலுள்ள கிறிஸ்தவப் பெண்கள் சிலரும் தயக்கமின்றி வந்துபோகிறார்கள்.

தியானத்தில்தான் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஆசனங்கள் முடிந்ததும் கதவுகளைச் சாத்தி, விளக்கை அணைத்து, எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கண்களை மூடி இருபது நிமிடம் அசையாமல் இருக்கும்படி வேறொரு தொண்டர் கட்டளையிடுகிறார். சிலர் சற்று நேரத்திலேயே கண்ணைத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எழுந்து போய் வெளியே தண்ணீர்த் தாங்கியருகில் நின்றுகொண்டார். அதை ஒழுங்கீனமாகக் கருதி அவரை மீண்டும் அழைத்துவந்து படுக்க வைத்ததுதான் எனக்கு உவப்பாக இல்லை. போர் நடந்த இடங்களில் வாழ்வோரில் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஏதேனுமொரு மனநலப் பாதிப்போடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மதிப்பிட்டது. இருட்டையும் மூடிய கதவையும் அசையக் கூடாத நிலையையும் அச்சத்தோடு அனுபவித்த உடலுக்கு, இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது ஓய்வாக அமையாது. அதற்கு மேல் அந்தத் தொண்டர் “பழையதெல்லாம் மறந்துவிடுங்கள்” என்று கனிவோடுதான் சொல்கிறார். காணாமலாக்கப்பட்ட பிள்ளையை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் உள்ள மாவட்டத்தில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதை அவர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இதைப் பெண்களின் மனவொருமைக் குறைவாக எடுத்துக்கொள்வதும் தவறு. வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கின்போது, அம்மனின் சினம் தணிக்கும் குளிர்த்திப் பாடல்களைப் பாடும் இரவில் மணிக்கணக்காக ஒருமித்து அமர்ந்திருப்பவர்கள் இவர்கள்தாம். அங்கே விளக்கு எரிகிறது, அருகில் உறவுகள் இருக்கின்றன, எழுந்து போக விரும்பினால் எவரும் தடுப்பதில்லை.

மாற்று வழி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் வன் டர் கோல்க் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், மனவடுவினால் நெடுங்காலம் துன்புற்ற 64 பெண்களிடையே பத்து வார ஆய்வொன்றை நடத்தி 2014 இல் வெளியிட்டார்கள். நலக்கல்வி வகுப்புக்குச் சென்றவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகத் தணிந்திருந்தன. ஆனால் அது கட்டளையிட்டு நடத்தும் யோகா அன்று. கண்ணை மூடுவதும் திறந்திருப்பதும் அவரவர் விருப்பம். ஆசிரியர் உடலைத் தொட்டுத் திருத்துவதில்லை. எந்த நேரமும் பயிற்சியை நிறுத்தலாம். படுவான்கரை வகுப்பில் இதைக் கொண்டுவரப் பணம் எதுவும் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்து, அமர்ந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லி ஐந்து நிமிடத்தோடு தொடங்கினாலே போதும். கூடவே, உள்ளே கிளறப்படுவதைத் தாங்க முடியாதவர்கள் போகக்கூடிய இடமாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பில் சொல்லி வைக்க வேண்டும். இதுவரை சொல்லப்பட்டதாக நான் கேட்கவில்லை.

வகுப்பு ஆண்டு முழுவதும் நடப்பதில்லை என்பது இன்னொரு குறை. கார்த்திகையில் மழை இறங்கித் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறியதும் தொண்டர்களால் வர முடிவதில்லை. தை பிறக்கும்வரை கட்டடம் பூட்டியே கிடக்கும். சர்வதேச யோகா தினமான ஜூன் 21 இல் வெள்ளைச் சட்டையும் பதாகையுமாக ஒரே நாளில் முடிந்துவிடும் விழாக்களோடு ஒப்பிடும்போது இவர்களுடைய உழைப்பு எவ்வளவோ மேல். இருந்தும், ஊருக்குள்ளேயே இருவரைப் பயிற்றுவித்தால் இந்த இடைவெளி இராது. ஊர்ப் பெண்கள் இருவர் இப்போது முன்வரிசையில் நின்று செய்து காட்டுகிறார்கள். வகுப்பை அவர்களிடம் ஒப்படைக்க அமைப்பினர் இன்னும் தயங்குகிறார்கள். ஆண்கள் அநேகமாக வருவதில்லை. சிறுவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு பிரத்தியேக வகுப்புகளோடு மோதுவதால் எடுபடவில்லை.

செல்ல விரும்புபவர்கள் மதியச் சோற்றுக்கும் வகுப்புக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விட்டுச் செல்லுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரையின்கீழ் வெக்கை கடுமையாக இருக்கும் என்பதால் தண்ணீர்ப் போத்தல் அவசியம். இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் காட்டுங்கள். அவர் அதைப் பார்த்தே பயிற்சியை மாற்றிக் கொடுக்கிறார். தியானத்துக்கு விளக்கை அணைக்கும்போது இருக்க மனமில்லையென்றால், அதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படலாம். ஆசிரியை அதைக் குறையாக எடுப்பதில்லை.