மூன்று வருடம் ரீலில் படித்த வைட்சேப்பல் கோப்புகள்

போன வாரம்தான் நான் போகும் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் ரீடர் ரிப்பேராகித் திரும்பி வந்தது. புது லென்ஸ். அன்றைக்கே ஒரு நண்பர் கேட்டார்: "வைட்சேப்பல் கோப்புகளைப் படிக்கலாம்னு இருக்கேன். அச்சுல வந்தது போதுமா, ரீல்லயே பார்க்கணுமா?" மூன்று வருடமாக அந்த இயந்திரத்தின் முன் உட்கார்பவன் நான். நேரில் சொன்ன பதில் பாதிதான், மீதி இங்கே.

லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் நடந்த, 'ஜாக் த ரிப்பர்' செய்ததாகச் சொல்லப்படும் 1888 கொலைகளின் கதை தெரிந்ததுதான். அதை விசாரித்த மெட்ரோபாலிட்டன் காவல்துறையின் கோப்புகளும் பிரிட்டிஷ் உள்துறைக் கோப்புகளும் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான் படிப்பது அவற்றின் பிரதி. லண்டனின் நடுவிலுள்ள 'சிட்டி' பகுதிக்கென்று தனியாக இருந்த காவல்துறையின் காகிதங்கள் பெரும்பாலும் போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்துவிட்டன.

எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்று: கறுப்பு வெள்ளை. இந்தக் கோப்புகளின் உயிர் ஓரக் குறிப்புகளில் இருக்கிறது. ஒரு அதிகாரி அறிக்கை எழுதுவார், மேலே இருப்பவர் ஓரத்தில் கேள்வி போடுவார், இன்னொருவர் அதற்குக் கீழே கிறுக்குவார். எது எந்த மை, எங்கே கையெழுத்து மாறுகிறது என்று பார்க்கப் போனால் ரீலில் எல்லாமே ஒரே சாம்பல். தாளின் பின்பக்க எழுத்து வேறு முன்னால் கசிந்து வரிகளுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. புது லென்ஸில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கசிவும் அதே அளவு பளிச்சென்று தெரிகிறது. கண் எரிகிறது, கோபம் வருகிறது.

ஆனால் கொல்லப்பட்டவர்களில் ஒருவரான எலிசபெத் ஸ்ட்ரைட்டின் கொலை பற்றிய தாள்களைப் பாருங்கள். செப்டம்பர் 30 அதிகாலை, பெர்னர் தெருவில் ஒருவன் ஒரு பெண்ணைக் கீழே தள்ளியதை அந்த வழியாகப் போன இஸ்ரேல் ஷ்வார்ட்ஸ் என்ற யூதர் பார்த்தார். தள்ளியவன் "லிப்ஸ்கி" என்று கத்தினான். அக்டோபர் 19-ஆம் தேதி தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சன் எழுதிய அறிக்கையில் இது இருக்கிறது. யாரைப் பார்த்துக் கத்தினான்? உடந்தையாளின் பெயரா? உள்துறை துருவித் துருவிக் கேட்கிறது. நவம்பர் 1-ஆம் தேதி இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் பதில் எழுதுகிறார்: 1887-இல் ஒரு யூதப் பெண்ணைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட யூதன் லிப்ஸ்கி, அதிலிருந்து அந்தப் பெயரே யூதர்களைத் திட்டும் சொல்லாகிவிட்டது, ஷ்வார்ட்ஸின் தோற்றத்தைப் பார்த்து அவரை நோக்கியே கத்தியிருக்க வேண்டும் என்பது தன் கருத்து.

ஒரு வசைச்சொல்லைக் கொலைகாரனின் அடையாளமாகப் படிக்கப் பார்த்த மேலிடத்துக்கு, அந்தத் தெருக்களில் பல வருடம் வேலை பார்த்த ஒரு இன்ஸ்பெக்டர் ஊர்ப்பேச்சைச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் தடவை படித்தபோது ரீலைச் சுற்றும் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். கேள்வியும் பதிலும் தாள் தாளாக நகர்ந்து வருவதைப் பார்ப்பது வேறு அனுபவம். அச்சுப்பிரதி எத்தனை சுத்தமாக இருந்தாலும் அது கிடைக்காது.

ஷ்வார்ட்ஸ் கொடுத்த வாக்குமூலம் மட்டும் இல்லை. ஸ்வான்சனின் சுருக்கம்தான் இருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. அந்தப் பெண்ணைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர்களில் ஒருவர் பேசியதே நம்மிடம் இல்லை.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அச்சில் வந்ததை வாங்கிப் படியுங்கள், கண்ணும் நேரமும் மிச்சம். இதை எழுதும்போதும் கண் எரிகிறது. செவ்வாய்க்கிழமை காலை மட்டும் அந்த ரீடரைக் கேட்காதீர்கள், நான் பதிந்து வைத்திருக்கிறேன்.