மூன்று தலைமுறை மிதித்த கால் மெசின்: எங்கள் வீட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிற சிங்கர் கால் மெசின் அம்மம்மா வாங்கியது. பிறகு அம்மா மிதித்தார், இப்போது நான். பழைய கால் மெசின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், யோசிக்காமல் வாங்குங்கள் என்பதுதான். உடுப்புத் தைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஊர் வீட்டில் கிழிவது, தொய்வது, ஒழுகுவது எல்லாவற்றுக்கும் இதனால் ஏதோ ஒரு விதத்தில் உதவ முடிகிறது. அதுவே பழுதானாலும் ஒரு ஸ்குறூ டிறைவரும் ஒரு போத்தல் எண்ணெயும் இருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சரிக்கட்டலாம்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அதனால் இந்த வகை மெசின் எங்கள் ஊரில் அரிய பொருள் இல்லை, பல வீடுகளில் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. கறுப்புத் தலை, இரும்புக் கால், ஒரு பெரிய சக்கரம், ஒரு தோல் பெல்ட். மோட்டார் இல்லை. வாங்கும்போது அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். மெசின் எண்ணெய் கிடைக்காத காலத்தில் தேங்காயெண்ணெய் விட்டார்கள். அது கொஞ்ச நாளில் இறுகிப் பிசினாகிவிடும், மிதிக்கிறவரின் முழங்கால் உளையும். மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு வெறுமனே ஓட்டிக் கழுவினால்தான் திரும்ப இளகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்தச் சில சொட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து எங்கள் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அப்பா மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். பின்பக்கத்தில் பிணைச்சல்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தலை கையோடு வந்துவிடும். சாவகச்சேரியில் இருந்த மாதங்களில் அதை ஒரு மேசையில் வைத்து, அம்மா வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி இடக்கையால் துணியை நகர்த்தித் தைத்தார். அடுத்த வருடம் வீடு திரும்பியபோது இரும்புக் கால் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்தது. மேற்பலகையைக் கறையான் தின்றிருந்தது. தச்சாசாரியார் வேப்பம் பலகையில் புதிது செய்து தந்தார். அந்தப் பலகையைக் கறையான் இன்றுவரை தொடவில்லை.

பராமரிப்பு பருவத்தோடு மாறும். மாரியில் தோல் பெல்ட் இளகித் தொய்யும், சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது. கம்பிக் கொளுக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டித் திரும்பப் பூட்டினால் சரி. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் செம்பாட்டுப் புழுதி உள்ளே போய், துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் நூல் தும்போடு சேர்ந்து கட்டியாகிவிடும். தகட்டைக் கழற்றி, பழைய பல்துலக்கும் தூரிகையால் தட்டிவிட வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் நான் முதலில் ஊசியைத்தான் மாற்றுவேன், பிறகுதான் நூல் இறுக்கத்தில் கை வைப்பேன். ஊசி இலக்கம் பருத்திக்குப் பதினாலு அல்லது பதினாறு, சாக்குக்கும் தறப்பாளுக்கும் பதினெட்டு. சுன்னாகத்தில் மெசின் திருத்துகிற அண்ணை ஒருவர் சொன்னது: "பிள்ளை, எண்ணெய் விட்டாப் பிறகு ஒரு பழந்துணியில கொஞ்ச நேரம் நூல் இல்லாமல் ஓட்டுங்கோ. மிச்சம் துணிக்குப் போகட்டும், சீலைக்குப் போகக்கூடாது." வெள்ளைச் சீருடை தைக்கிறவர்களுக்கு இது முக்கியம். அரசாங்கம் 1993 முதல் பள்ளிக்கூடச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. துணி வீட்டுக்கு வந்தால் தையல் கூலியும் மிச்சம்.

ஒருமுறை நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய பெல்ட் ஒரு மாரிகூடத் தாங்கவில்லை, தோல் என்று விற்றது தோலே இல்லை. வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிறேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னம் ஓடு கழற்றி உடைந்ததை மாற்றி, உக்கின சலாகைக்குப் பதில் புதிது போட வேண்டும். அந்த நாட்களில் அறைக்குள் மழை வராமல் மூடுகிற தறப்பாள், இந்த மெசினில் இரண்டு மடிப்பாக விளிம்பு அடித்தது. சாய்மனைக் கதிரையின் கன்வஸ், நுளம்பு வலையின் கிழிசல், உரப்பைகளைப் பிரித்து இணைத்து ஒடியல் (பனங்கிழங்கைப் பிளந்து காயவைப்பது) காயப்போடுகிற படங்கு, எல்லாம் இதில்தான். கன்வஸில் நாலு மடிப்புச் சேருகிற மூலைக்கு மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குவேன். மோட்டார் மெசினில் அந்த இடத்தில் ஊசி முறிவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஊசி திணறுவது கைக்கு முன்கூட்டியே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பழஞ்சீலை விரிப்பு. பருத்திச் சீலைகள் கிழிந்தாலும் தலைப்பும் கரையும் நன்றாக இருக்கும். முந்தி அவை பிள்ளைகளுக்கு ஏணை கட்டவும் கைப்பிடித் துணிக்கும் போகும். நான் அவற்றை வெட்டி, இழையோடு இழை பொருந்த வைத்து, அடியில் கொஞ்சம் புதிய துணி கொடுத்து இணைக்கிறேன். புதிய துணியை முதலில் இரண்டு மூன்று தரம் தோய்த்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பிறகு சுருங்கிப் பழைய துணியைக் கிழிக்கும். நைலெக்ஸ் என்கிற செயற்கை இழைத் துணியைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள், வழுக்கி வரிசை கோணும். தையலைச் சற்று நீளமாக வைத்தால் பழைய இழை அறாது.

இந்த வேலையில் இறங்கிய பிறகு அருங்காட்சியகங்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. நாவலர் வீதியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஏழு வாய் வைத்த இசைப்பானை முன்னால் நிறையப் பேர் நிற்பார்கள். எங்கள் அயலூரான கந்தரோடையில் எடுத்த பொருட்களும் அங்கே உண்டு. 2020இல் நாவற்குழியில் திறந்த சிவபூமி அருங்காட்சியகத்தில் பழைய வீட்டுப் பாவனைப் பொருட்களைப் பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம். இரண்டிலும் என் கண் துணியைத்தான் தேடும். கல், மண், மரம், உலோகத்துக்குள் துணியைக் காண்பது கடினம். எங்கள் வெக்கையும் உப்புக்காற்றும் கறையானும் துணியை விட்டுவைப்பதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டிய சாயவேர் துணிக்குச் சிவப்பேற்றப் பேர்போனது. படிகாரத்தில் நனைத்த துணியை அந்த வேரோடு காய்ச்சினால் தோய்த்தாலும் போகாத சிவப்பு ஏறும். ஒல்லாந்தர் அந்த வேரில் தங்கள் பிடியை விடாமல் வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய தொழில் நடந்த மண்ணில், அந்தச் சிவப்பில் ஒரு முழம் துணியைத் தொட்டுப் பார்க்க எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம்.

ஆகவே விரிப்பின் பின்பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் யாருடைய சீலை, எப்போது எடுத்தது என்று சங்கிலித் தையலால் எழுதுகிறேன். 'அம்மம்மா, பொங்கல், 1974' என்று ஒன்று. 'மாமி, நல்லூர்த் தேர்' என்று இன்னொன்று, அதற்கு வருடம் மாமிக்கே நினைவில்லை. உங்கள் வீட்டிலும் பழஞ்சீலை இருந்தால், கட்டியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

குறைகள் உண்டு. நேர்த்தையல் மட்டுமே. இழுபடும் துணிக்குச் சரிவராது, பொத்தான் ஓட்டை கையால்தான் கட்ட வேண்டும். தங்கச்சியிடம் உள்ள கரண்ட் மெசின் இதெல்லாம் செய்யும், வேகமும் கூட. ஆனால் 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது அவளும் துணியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்தாள். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் நீண்ட நேரம் மிதிப்பதும் கஷ்டம். அம்மா இப்போது மிதிப்பதில்லை.

பழையது வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள், அது தேய்ந்த தலை. தலையைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கத்தில் துரு எவ்வளவு என்று பாருங்கள். அடிநூல் உருளையை வைக்கிற பொபின் கேஸ் கூட வருகிறதா என்று கேளுங்கள். கால் வெடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வார்ப்பிரும்பை ஒட்டவைக்கத் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. மேற்பலகை மோசமென்று மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேப்பம் பலகையும் நல்ல தச்சாசாரியாரும் கிடைத்தால் போதும்.